916 முத்திரை சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

தங்கம் விலை ஏறும்போதெல்லாம் நகைக்கடைகளைப் பற்றி இரண்டு பேச்சுகள் சேர்ந்தே எழுகின்றன. "ஹால்மார்க் இருக்கிறது, இனி பயமில்லை" என்பது ஒன்று. "சேதாரம் என்று சொல்லி எப்படியும் ஏமாற்றிவிடுவார்கள்" என்பது இன்னொன்று. முதல் பேச்சை நம்பி பில்லைப் படிக்காமலே வருகிறவர்கள் உண்டு. இரண்டாவது பேச்சு, ஒழுங்காகக் கடை நடத்துகிறவரையும் சேர்த்தே திருடனாக்கிவிடுகிறது.

ஹால்மார்க் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் முத்திரை. அந்தக் கேள்வி எது, அதற்கு வெளியே நிற்கும் கேள்விகள் எவை என்று தெரிந்துகொண்டால், ஒரு கடை நேர்மையாக நடக்கிறதா என்பதை முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. பில்லைப் பார்த்தே சொல்லலாம்.

அடிப்படைச் சொற்கள்

சுத்தத் தங்கம் மிருதுவானது. அதில் செய்த வளையல் சில மாதங்களிலேயே வளைந்து நெளிந்துபோகும். அதனால் செம்பு, வெள்ளி போன்றவற்றைக் கலக்கிறார்கள். கலப்பது மோசடி இல்லை, தொழிலின் தேவை. எவ்வளவு கலந்தோம் என்பதை மறைப்பதுதான் மோசடி.

1. கேரட்: மொத்தத்தை 24 பங்காக வைத்து, அதில் எத்தனை பங்கு தங்கம் என்று சொல்வது. 22 கேரட் என்றால் 24இல் 22 பங்கு தங்கம்.

2. 916: அதே கணக்கை ஆயிரத்துக்குச் சொல்வது. 22ஐ 24ஆல் வகுத்தால் 0.9166 வரும். ஆயிரம் பங்கில் 916 பங்காவது தங்கம் இருக்க வேண்டும் என்று பொருள். இதில் "கொஞ்சம் முன்னே பின்னே" என்ற பேச்சுக்கே இடமில்லை. 915 வந்தாலும் அது 916 நகை ஆகாது. இதே வழியில் 18 கேரட் 750. 14 கேரட்டுக்குக் கணக்குப்படி 583 வந்தாலும் தரக் குறி 585. விலை ஏற்றத்தால் குறைந்த கேரட் நகைகளுக்குத் தேவை கூடியதை ஒட்டி, 2025 ஜூலையில் 9 கேரட்டும் 375 என்ற எண்ணோடு இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

3. பவுன் அல்லது சவரன்: 8 கிராம். இது எடையை மட்டும் சொல்லும் சொல். "பவுன் நகை" என்று சொல்வதால் அது 22 கேரட் என்று ஆகிவிடாது.

4. மாற்று: தங்கத்தின் தரத்துக்கு நம் பழைய சொல். உரைகல்லில் நகையைத் தேய்த்து, அந்தக் கோட்டின் நிறத்தைத் தரம் தெரிந்த தங்கம் விட்ட கோட்டோடு ஒப்பிட்டு மாற்றுப் பார்ப்பார்கள். நல்ல அனுபவம் உள்ள பத்தருக்கு அது போதும். வாங்க வருகிறவருக்கு அந்தக் கண் கிடையாது.

இங்கேயே ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். இந்தக் கட்டுரை முழுவதும் 22 கேரட் கிராம் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கும் என்பதற்காகத்தான் இந்தத் தொகை. அந்த விலையில் 18 கேரட் கிராம் சுமார் 8,190 ரூபாயும் 9 கேரட் கிராம் சுமார் 4,095 ரூபாயும் இருக்க வேண்டும். கல் பதித்த நாகரிக நகைகளில் 18 கேரட் சாதாரணம். அவற்றுக்கு 22 கேரட் விலை போட்டிருக்கிறார்களா என்பது முதலில் பார்க்க வேண்டிய இடம்.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

கத்தரிக்காய் சொத்தையா என்று வெட்டினால் தெரிந்துவிடும். செருப்பு மட்டமானது என்றால் இரண்டு மாதத்தில் தெரியும். தங்கம் அப்படி இல்லை. 850 தரத்தில் செய்த சங்கிலியும் 916 தரத்தில் செய்த சங்கிலியும் கழுத்தில் ஒரே மாதிரி மின்னும். வித்தியாசம் தெரிவது இரண்டே சமயங்களில்: அடகு வைக்கப் போகும்போது, உருக்கும்போது. இரண்டுமே வாங்கிப் பல வருடங்கள் கழித்து, பெரும்பாலும் வீட்டில் பணம் முடையான நேரத்தில் வருகின்றன. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில், பத்து கிராம் என்று நம்பிய நகையில் அந்த அளவு தங்கம் இல்லை என்று ஒருவர் கேட்க நேர்கிறது. விற்றவரின் பொய் அத்தனை காலம் பீரோவுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் என்ன நடக்கும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் வியாபாரத்தை வைத்து விளக்கினார். இந்தத் துறை ஆய்வுகளுக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த வாதத்தை நகைக்கடைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும்:

1. இரண்டு கடைகள். ஒன்று 916 தங்கத்தைச் சரியான விலைக்கு விற்கிறது. இன்னொன்று 850 தங்கத்தை 916 என்று சொல்லிக் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கொடுக்கிறது.

2. வாங்குகிறவருக்குத் தரம் தெரியாது, விலை மட்டும் தெரியும். அவர் இரண்டாவது கடைக்குப் போகிறார்.

3. முதல் கடைக்காரருக்கு இரண்டு வழிதான். கடையை மூட வேண்டும், அல்லது அவரும் தரத்தைக் குறைக்க வேண்டும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. "நல்லவர்கள் வியாபாரம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது போதாது. சரிபார்க்க வழியில்லாத இடத்தில் நல்லவர் தோற்றுப்போவார். ஹால்மார்க் என்பது வாங்குகிறவரைக் காப்பதற்கு மட்டும் வந்தது என்று நினைக்கிறோம். அது நேர்மையான வியாபாரியைக் காப்பதற்கும் வந்ததுதான்.

முத்திரை எப்படி விழுகிறது

இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) தங்க நகைக்கு ஹால்மார்க் வழங்க ஆரம்பித்தது 2000இல். இருபது வருடங்களுக்கு மேல் அது விருப்பப்பட்ட கடைகளுக்கானதாக மட்டும் இருந்தது. 2021 ஜூனில் முதலில் 256 மாவட்டங்களில் கட்டாயம் ஆனது, பிறகு படிப்படியாக விரிந்தது. 2021 ஜூலையில் எச்யுஐடி எனப்படும் தனி அடையாள எண் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஆறு இலக்க எண் உள்ள ஹால்மார்க் நகையை மட்டுமே கடைகள் விற்கலாம். 2 கிராமுக்குக் குறைவான நகைகள், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு கடைகள், குந்தன், போல்கி போன்ற சில வகை வேலைப்பாடுகள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. குழந்தைக்கு வாங்கும் சின்னக் கம்மலில் முத்திரை இல்லாமல் போவதற்கு இந்த 2 கிராம் விலக்கு காரணமாக இருக்கலாம்.

இப்போது நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் சின்னம், 22கே916 போன்ற தரக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி. பழைய ஹால்மார்க்கில் நான்கு குறிகள் இருந்தன. அதில் கடையின் குறியும் சோதனை மையத்தின் குறியும் நகை மேலேயே இருக்கும். வீட்டில் இருக்கும் பழைய நகையில் ஆறு இலக்க எண் இல்லை என்று பதற வேண்டாம். விற்கும் கடைக்குத்தான் கட்டாயம், வைத்திருப்பவருக்கு அல்ல.

முத்திரை விழும் வழி இது:

1. பிஐஎஸ்ஸில் பதிவு செய்த கடை, நகைகளை அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்துக்கு அனுப்புகிறது.

2. அங்கே எக்ஸ்ஆர்எஃப் கருவியில் நகைகளைப் பார்க்கிறார்கள். எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். அதை வைத்து கருவி கலவையைச் சொல்லும். நகை சேதமாகாது. ஆனால் இது மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டும்தான் பார்க்கும்.

3. அதனால் மாதிரி எடுத்து நெருப்புச் சோதனையும் செய்கிறார்கள். சிறு துணுக்கை வெள்ளியும் ஈயமும் சேர்த்து, ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், உறிஞ்சும் தன்மையுள்ள சிறு கிண்ணத்தில் வைத்து உருக்குவார்கள். ஈயம் மட்ட உலோகங்களை இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். மிஞ்சிய மணியில் உள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு, எஞ்சியதை நிறுத்தால் அதுதான் சுத்தத் தங்கத்தின் எடை. தரத்தைத் தீர்மானிக்க இன்றைக்கும் இதுவே இறுதிச் சொல்.

4. தேறிய நகையில் லேசரால் குறி பதித்து, விவரத்தை இணையத் தளத்தில் ஏற்றுகிறார்கள்.

பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த ஆறு இலக்கத்தைத் தட்டினால் எந்தக் கடைக்காக, எந்த மையத்தில், எந்தத் தேதியில், என்ன வகை நகைக்கு, என்ன தரத்தில் முத்திரை போட்டார்கள் என்று வரும். இதில் "என்ன வகை நகை" என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு நகைக்கு வாங்கிய எண்ணை வேறு நகைகளில் நகல் எடுத்துப் பதிப்பதுதான் போலி முத்திரைக்காரர்கள் செய்யக்கூடிய வேலை. கையில் மோதிரம் இருக்க, செயலி சங்கிலி என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இடையில் கேடிஎம் பற்றி ஒன்று. "கேடிஎம் நகை" என்றால் தரமானது என்று இன்றும் நம்புகிறவர்கள் பலர். அது தரக் குறியே இல்லை. நகையின் இணைப்புகளைப் பற்றவைக்கும் பொடியில் முன்பு செம்பும் வெள்ளியும் அதிகம் இருக்கும். அதனால் உருக்கும்போது மொத்தத் தரம் குறையும். காட்மியம் சேர்த்த பொடியில் தங்கத்தின் பங்கை உயர்வாக வைக்க முடிந்தது. அதுவே கேடிஎம். ஆனால் காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகை ஆசாரிகளின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. பிஐஎஸ் அதை அனுமதிப்பதில்லை. வாங்குகிறவருக்குத் தரம் கிடைக்க, செய்கிறவரின் உயிர் தேய்ந்த கதை அது. இன்னும் அந்தச் சொல்லை விளம்பரமாக்குகிற கடை இருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

முத்திரை எட்டாத இடங்கள்

நகையில் பதித்த குறி தங்கத்தின் தரத்தைச் சொல்கிறது. எவ்வளவு எடை, அந்த எடைக்கு என்ன விலை, செய்ததற்கு எவ்வளவு கூலி, பழைய நகைக்கு எவ்வளவு மதிப்பு, முன்பணமாகக் கட்டிய தொகை எங்கே போகிறது என்பதெல்லாம் அதில் இல்லை. தரத்தில் ஏமாற்றுவது கடினமானபின், ஏமாற்ற நினைக்கிறவர் இந்த இடங்களுக்கு நகர்வார்.

*கல் எடை*

மொத்த எடை 20 கிராம் உள்ள ஓர் அட்டிகையில் கல்லும் அரக்கும் சேர்ந்து 1.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 20 கிராமுக்கும் தங்க விலை போட்டால் 15,000 ரூபாய் கண்ணாடிக் கல்லுக்குப் போகிறது. அதற்கு மேல் "கல் விலை" என்று தனியாக ஒரு வரி இருந்தால் ஒரே கல்லுக்கு இரண்டு தடவை காசு. பிறகு அதே நகையை அதே கடைக்கு விற்கப் போனால் கல்லைக் கழித்துவிட்டுத்தான் எடை போடுவார்கள். வாங்கும்போது தங்கமாக இருந்த கல், விற்கும்போது வெறும் கல்லாகிவிடுகிறது. அதனால்தான் பில்லில் தங்கத்தின் நிகர எடை இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் கோயிலுக்குக் கொடுத்த நகைகளை வரி வரியாகப் பட்டியலிடுகின்றன. பொன் "ஆடவல்லான்" என்ற எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது, ரத்தின நகைகள் "தட்சிணமேரு விடங்கன்" என்ற கல்லால் நிறுக்கப்பட்டன என்று அளவைக் கருவியின் பெயரையே சொல்லிவிட்டுத்தான் கணக்கு தொடங்குகிறது. எத்தனை கழஞ்சு (அந்தக் கால எடை அளவு), எத்தனை முத்து, எத்தனை மாணிக்கம், அரக்கும் சேர்த்து எவ்வளவு என்று விவரம் போகிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் கல்லில் வெட்டிய அந்த விவரத்தோடு ஒப்பிட்டால், சில கடைகளின் எஸ்டிமேட் சீட்டு வெட்கப்பட வைக்கிறது.

*சேதாரம்*

அதிகம் குழப்பம் உள்ள இடம் இதுதான்.

ஆசாரி தங்கத்தை உருக்கி, இழுத்து, வெட்டி, ராவி நகை செய்யும்போது கொஞ்சம் தூளாகிப் போகும். 24 கிராம் நகை செய்ய 24 கிராமுக்கு மேல் தங்கம் தேவைப்படும். அந்தக் கூடுதலுக்கு ஈடுதான் சேதாரம். செய்கூலி என்பது உழைப்புக்கான கூலி. இந்த வகையில் இரண்டும் நியாயமானவை, வேறு வேறானவை.

நடைமுறையில் என்ன ஆனது?

1. தூளாகிப் போன தங்கம் பெரும்பாலும் காணாமல் போவதில்லை. பட்டறைத் தூசியைச் சேர்த்து, சலித்து, உருக்கி மீட்கிறார்கள். அந்தத் தூசியை விலைக்கு வாங்கிப் பிழைப்பவர்களே இருக்கிறார்கள். உண்மையில் போவது, பில்லில் போடும் சதவீதத்தைவிடக் குறைவு.

2. பல கடைகளில் சேதாரம் என்ற ஒரே வரிக்குள் ஆசாரியின் கூலி, வடிவமைப்பு, கடை வாடகை, விளம்பரம், லாபம் எல்லாம் அடங்கிவிட்டன. லாபம் எடுப்பது தப்பே இல்லை. அதை "வீணாய்ப் போன தங்கம்" என்ற பெயரில் எடுப்பதுதான் உறுத்துகிறது.

3. சேதாரம் சதவீதமாக இருப்பதால் தங்க விலையோடு சேர்ந்து அதுவும் ஏறுகிறது. 24 கிராம் நகைக்கு 12 சதவீதச் சேதாரம் என்றால் 2.88 கிராம். கிராம் 3,000 ரூபாய் விற்ற காலத்தில் அதன் விலை 8,640 ரூபாய். கிராம் 10,000 ஆனால் 28,800 ரூபாய். செய்த ஆசாரியின் கூலி இப்படி மூன்று மடங்குக்கு மேல் ஏறியதா? பட்டறைகளுக்குப் போய்ப் பார்த்தால் பதில் தெரியும்.

4. "செய்கூலி இல்லை" என்ற விளம்பரத்தைத் தனியாகப் படிக்கக் கூடாது. அதே 24 கிராம் நகைக்கு ஒரு கடை 8 சதவீதச் சேதாரமும் கிராமுக்கு 500 ரூபாய் செய்கூலியும் கேட்கிறது. சேதாரம் 19,200, செய்கூலி 12,000, ஆக 31,200 ரூபாய். இன்னொரு கடை செய்கூலியே வேண்டாம் என்று சொல்லி 14 சதவீதச் சேதாரம் போடுகிறது. அது 33,600 ரூபாய். இலவசம் என்று சொன்ன கடைதான் 2,400 ரூபாய் கூடுதல்.

இதற்குச் சேதாரம் எத்தனை சதவீதம் இருக்கலாம் என்று சட்டம் போட வேண்டும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இயந்திரத்தில் வார்த்த வளையலுக்கும் கையால் செய்த காசு மாலைக்கும் ஒரே அளவு பொருந்தாது. தேவைப்படுவது வேறு. தங்கத்தின் விலைக்கு மேல் ரூபாயில் எவ்வளவு வாங்குகிறோம் என்பதை ஒரே தொகையாகச் சொல்ல வேண்டும். "இந்த ஆரத்தில் தங்கம் 2,40,000 ரூபாய், எங்கள் வேலைக்கும் லாபத்துக்கும் 30,000 ரூபாய்" என்று ஒரு கடை எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடையோடு ஒப்பிட முடியும். அப்படி எழுதத் தயங்குவதற்கு ஒரே காரணம் ஒப்பிட்டுவிடுவார்களே என்ற பயம்தான்.

*பழைய நகை*

பழைய நகையை மாற்றப் போனால் "தரம் குறைவு" என்ற பதில் வரும். பல சமயம் அது உண்மைதான். ஹால்மார்க் இல்லாத காலத்தில் 22 கேரட் என்று விற்ற நகைகளில் பற்றவைத்த பொடியால் தரம் இறங்கியிருக்கும், சிலவற்றில் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும். தவறு செய்தவர் இருபது வருடத்துக்கு முன் விற்றவர். திட்டு வாங்குபவர் இன்று உண்மையைச் சொல்கிறவர். அதனால் இந்த இடத்தில் நேர்மையான கடை தன்னைக் காத்துக்கொள்ள ஒரே வழி, எல்லாவற்றையும் கண்ணெதிரே செய்வது:

1. கல்லையும் அரக்கையும் கழற்றும் முன் ஓர் எடை, கழற்றிய பின் ஓர் எடை.

2. எக்ஸ்ஆர்எஃப் அளவு திரையில் வாடிக்கையாளருக்கும் தெரிய வேண்டும்.

3. உருக்கினால் அவர் பார்க்கும் இடத்தில் உருக்கி, வந்த கட்டியை மறுபடி நிறுத்து, மறுபடி தரம் பார்க்க வேண்டும். மேற்பரப்பை மட்டும் பார்த்த முதல் அளவைவிட இது நம்பத் தக்கது.

4. எந்த விலை போட்டார்கள், என்ன கழித்தார்கள் என்பது எழுத்தில் வர வேண்டும்.

நகை உள்ளே போய்விட்டு, வெளியே ஒரு தொகை மட்டும் வந்தால் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பிஐஎஸ் அங்கீகரித்த மையங்களில் பொதுமக்களே நகையைக் கொடுத்துச் சோதிக்கலாம். 4 நகைகள் வரை கட்டணம் 200 ரூபாய் என்று பிஐஎஸ் அறிவித்தது.

*நகைச் சீட்டு*

மாதம் 5,000 ரூபாய், 11 மாதம். ஏன் 11 என்று பலர் கேட்கிறார்கள். கம்பெனிகள் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதற்கான 2014 விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாட்களுக்குள் பொருளைக் கொடுத்துவிட்டால் அது டெபாசிட் ஆகாது. அந்த எல்லைக்குள் நிற்பதற்குத்தான் 11 மாதக் கணக்கு.

சீட்டில் இரண்டு வகை. ரூபாயாகச் சேர்வது ஒன்று. அதில் தங்க விலை ஏறினால் நஷ்டம் கட்டியவருக்கு. கட்டிய அன்றைய விலையில் கிராமாக வரவு வைப்பது இன்னொன்று. இதில்தான் கடையின் உண்மையான சோதனை இருக்கிறது. கிராம் 8,000 ரூபாய் இருந்த மாதம் 5,000 கட்டியவருக்கு 0.625 கிராம் வரவாகிறது. கடைக்காரர் அன்றே அந்த அளவு தங்கத்தை வாங்கி வைத்தால் பிறகு விலை எங்கே போனாலும் அவருக்குக் கவலை இல்லை. அந்தப் பணத்தில் புதுக் கிளை திறந்துவிட்டு, முடிவில் கிராம் 10,000 ஆகிவிட்டால், அதே 0.625 கிராமுக்கு அவர் 6,250 ரூபாய் தேட வேண்டும். ஒரு தவணைக்கு 1,250 ரூபாய் பள்ளம். ஆயிரக்கணக்கான பேர், ஒவ்வொருவருக்கும் 11 தவணை என்று பெருக்கிப் பாருங்கள். புதிதாகச் சேர்கிறவர் கட்டும் பணத்தில் பழையவருக்கு நகை கொடுக்கும் நிலை வரும். அங்கிருந்து ஒரு நாள் ஷட்டர் இறங்குவது வரை நேர்க்கோடுதான். இப்படி விழும் கடைகளில் எல்லோரும் முதல் நாளே ஏமாற்றத் திட்டமிட்டவர்கள் என்று சொல்ல முடியாது. அடுத்தவர் பணத்தைத் தன் பணமாக நினைக்க ஆரம்பித்த நாளில்தான் தவறு தொடங்குகிறது.

சீட்டில் சேரும்போது கேட்க வேண்டியவை: கிராமா ரூபாயா, எந்த வகை நகைக்கு எத்தனை சதவீதம் வரை சேதாரத் தள்ளுபடி, இடையில் நிறுத்தினால் என்ன கிடைக்கும். பதிலை வாய்மொழியாக வாங்காமல் அட்டையில் அச்சடித்ததைப் படித்துவிட வேண்டும்.

பில், அதில் வாங்குகிறவரின் பங்கு

ஹால்மார்க் நகைக்கான பில்லில் ஒவ்வொரு நகையின் விவரம், நிகர எடை, கேரட்டும் தரமும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 முதல் ஒரு நகைக்கு 45 ரூபாயும் ஜிஎஸ்டியும். எடை கூடினாலும் குறைந்தாலும் அதேதான். எடை போடும் எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை எடையளவுத் துறையின் முத்திரை வேண்டும். காற்றாடிக் காற்று படாத இடத்தில், பூஜ்யம் காட்டும் தராசில் எடை பார்ப்பது நல்லது.

அப்புறம், பேச விரும்பாத ஒரு விஷயம். "பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி இல்லை" என்று கடை சொல்வதற்குக் காரணம், அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருப்பதுதான். 2,68,800 ரூபாய் நகைக்கு 3 சதவீதம் என்றால் 8,064 ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்துக்காகக் கையில் வருவது எஸ்டிமேட் சீட்டு. அதில் சட்டப்படி யாரும் எதையும் விற்கவில்லை. வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைத் தடுக்கிறது. அதைத் தவிர்க்க ஒரே நகையை இரண்டு பேர் பெயரில் உடைத்து எழுதச் சொல்லும் வாடிக்கையாளரும் உண்டு. அரசாங்கத்துக்குப் பொய்க் கணக்கு எழுதத் தெரிந்த கை, தனக்கு மட்டும் உண்மைக் கணக்கு எழுதும் என்று அவர் எதை வைத்து நம்புகிறார்?

தரம் குறைந்திருந்தால்

முத்திரை போட்ட நகையிலேயே தரம் குறைவு என்று தெரிந்தால் 2018ஆம் ஆண்டு பிஐஎஸ் விதிகள் ஈடு என்ன என்பதைச் சொல்லியிருக்கின்றன. குறைந்த தரத்துக்கும் எடைக்கும் ஏற்ற வித்தியாசத் தொகையைப் போல இரண்டு மடங்கு, கூடவே சோதனைக் கட்டணம். 10 கிராம் நகை 916க்குப் பதில் 850 என்று வந்தால் வித்தியாசம் சுமார் 7,205 ரூபாய், ஈடு சுமார் 14,410 ரூபாய்.

1. நகையை உருக்கவோ மாற்றவோ செய்யாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

2. பில்லில் உள்ள விவரமும் செயலி காட்டும் எச்யுஐடி விவரமும் பொருந்துகிறதா என்று பார்த்து, திரையைப் படமெடுத்து வைக்கலாம். புகாரை அதே பிஐஎஸ் கேர் செயலியில் பதியலாம்.

3. எடை, விலை, சேதாரம் போன்ற மற்றத் தகராறுகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை.

4. சீட்டுப் பணம் திரும்பவில்லை என்றால் அது வேறு வழி. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பொருளாதாரக் குற்றப்பிரிவு காவல்துறை விசாரிக்கிறது. தவணை கட்டிய அட்டையும் வங்கிப் பரிமாற்ற விவரமும்தான் அங்கே பேசும்.

இந்த எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் கேட்பது நகையை அல்ல, வாங்கியதற்கான காகிதத்தை.